மல்லாட்டைப் பீரோ

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் யாராவது ‘உங்க இஷ்டம்’ என்று சொல்லிவிட்டால் பெண்வீட்டுக்காரர்களுக்குத் தொண்டை வறண்டுவிடும். இன்னது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பவர்களிடம் குறைத்துப் பேசலாம். ஒன்றும் வேண்டாம் என்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ‘உங்க இஷ்டம்’ என்பவர்களிடம் இரண்டுமே நடக்காது. அவர்கள் மனதில் என்ன இருக்கிறதோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே செய்துவைத்தாக வேண்டும்.

என் அத்தைக்கு நிச்சயம் செய்த அன்று மாப்பிள்ளையின் அம்மா அதைத்தான் சொன்னார். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற கரும்பு வயல்களுக்கு நடுவே எங்கள் வீடு இருந்தது. வயல்கள் எல்லாம் அடுத்தவருடையவை. அதில் கரும்பு வெட்டுகிற வேலை மட்டும் எங்களுடையது. மாப்பிள்ளை வீட்டார் உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, களமருதூர். அவர்களும் எங்களைப் போலத்தான், கரும்புக்குப் பதில் நெல் அறுக்கிறவர்கள்.

அந்தம்மா பாயில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, அத்தையை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்களுக்குப் பொண்ணு வந்தா போதுங்க. கட்டிலு, பீரோ எல்லாம் உங்க இஷ்டங்க.”

அப்பாவுக்கு ஒன்றும் இல்லாதபோதுதான் வீறாப்பு அதிகமாக வரும். “பீரோ போட்டுடறோங்க” என்றார். கட்டிலைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, நாலு காலை வைத்துக் கயிறு பின்னிவிடலாம். அப்பாவின் வாயில் பீரோதான் வந்தது. அம்மா உள்ளேயிருந்து அவரைப் பார்த்த பார்வையில் மோர் திரிந்திருக்கும். அதற்குள் வெற்றிலைத் தட்டு கைமாறிவிட்டது.

அவர்கள் பஸ் ஏறியதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி. “ஏய்யா, பீரோவ கண்ணால பாத்துகீறியா நீ?” பார்த்திருக்கிறேன் என்றார் அப்பா. கரும்பு டிராக்டர் வைத்திருந்தவர் வீட்டில் ஜன்னல் வழியாகத் தெரியுமாம். அத்தைக்கு அதற்கு முன்பும் இடங்கள் கூடி வந்து கலைந்திருந்தன. ஒவ்வொன்றும் கலைந்தது இப்படி ஏதோ ஒரு பொருளுக்காகத்தான். இப்போது சபையில் சொன்னது வந்து இறங்காவிட்டால் ஒன்று கல்யாணம் நிற்கும். அல்லது நடந்து, அத்தை சாகும்வரை ‘பீரோ போடறேன்னு சொல்லி ஏமாத்தின வூட்டுப் பொண்ணு’ என்று கேட்டுக்கொண்டு வாழவேண்டும். எது மேல் என்று பெரியவர்களுக்கே தெரியவில்லை.

அத்தை முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: “அண்ணி, டிராக்டர்காரர் வூட்டு பீரோவ நான் தெனம் தொடைச்சிகினு கீறேன். அதுல இன்னா கீது, தகரந்தான? நானே செஞ்சிக்கிறேன்.”

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பீரோ என்பது கடவுளோ கவர்மென்டோ செய்து அனுப்புகிற பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் அவள் டிராக்டர்காரர் வீட்டுக்கு வேலைக்குப் போனபோது ஒரு புடவைக் கிழிசலை மடியில் வைத்துக்கொண்டு போனாள். பீரோவைத் துடைக்கிற சாக்கில் உயரத்தையும் அகலத்தையும் அதில் முடிச்சுப் போட்டு அளந்துகொண்டு வந்தாள். பிறகு ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிக்கிற இடத்தில் செங்கல் சுமந்து, கூலிக்குப் பதிலாக ஓட்டுக்கு அடியில் கிடந்த ரீப்பர் கட்டைகளைக் கேட்டு வாங்கினாள். கள்ளக்குறிச்சியில் ஒரு பலகாரக் கடையில் பாத்திரம் கழுவிக் கொடுத்து, ஓட்டை விழுந்த எண்ணெய் டின்களைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேர்த்தாள். டின்கள் எல்லாவற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கொத்து மல்லாட்டை அச்சடித்திருந்தது. வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

முதல் டின்னை அவள் உளியால் பிளந்து விரித்த காலையை என்னால் மறக்க முடியாது. வெளியே துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்த டின் உள்ளே வெள்ளியாகப் பளபளத்தது. சாம்பல் போட்டுத் தேய்த்ததும் அதில் என் முகம் நீளமாகத் தெரிந்தது. அத்தை அதைத் துவைக்கிற கல்லின் மேல் போட்டுக் கட்டைச் சுத்தியால் தட்டத் தட்ட, வளைந்திருந்த தகரம் அடங்கி ஒடுங்கிப் படுத்தது. ஒரு தகரத்தின் ஓரத்தை மடித்து, இன்னொன்றின் ஓரத்தை அதற்குள் கோத்து அடித்தாள். இரண்டு ஒன்றானது, நாலு ஒன்றானது. சந்தையில் ஓட்டை வாளிக்குத் தகரத்தில் புது அடி வைப்பவர் பக்கத்தில் அவள் ஏன் அவ்வளவு நேரம் நிற்பாள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. சாணி தட்டுகிற கையும் கரும்பு வெட்டுகிற கையும் அதே கைதானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போதுகூட என் காதில் அந்தச் சத்தமே கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. ரீப்பரில் அடித்த சட்டம் முதல் தடவை நிமிர்த்தி வைத்ததும் குடிகாரன் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து, மெதுவாகத் தரையில் படுத்துக்கொண்டது. அப்பா ‘சொன்னேன் பார்’ என்கிற முகத்தோடு பீடி பற்றவைத்தார். அத்தை அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. விடிந்ததும் ஆணிகளைப் பிடுங்கி, மூலைக்கு மூலை குறுக்குக் கட்டை வைத்து அடித்தாள். பிறகு என்னை மேலே ஏறி நிற்கச் சொன்னாள். நான் ஏறி நின்று குதித்தேன். சட்டம் அசையவில்லை. அப்பா பீடியைக் கீழே போட்டுவிட்டு, “அந்தச் சுத்திய இப்படிக் குடு” என்றார்.

அதற்குப் பிறகு வீடே பீரோவாகிவிட்டது. டின்னின் பளபளத்த பக்கத்தை வெளியே வைத்து, மல்லாட்டைப் பக்கத்தை உள்ளே போட்டு அடித்தார்கள். மடிப்புகள் தெரியாமல் இருக்கப் புளியங்கொட்டைப் பசையில் சாக்பீஸ் தூளைக் குழைத்து அப்பி, உப்புத்தாளால் தேய்த்தாள் அத்தை. சாக்பீஸ் எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டிராக்டர் டிரெய்லருக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்ட் கிடைத்தது. அது வெளிப்புறத்துக்கு மட்டும்தான் போதும் என்றானபோது, உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் அப்பா. சைக்கிள் பிரேக் கம்பி கைப்பிடியானது. பழைய டிரங்குப் பெட்டியின் பூட்டு கதவில் ஏறியது.

சலூன்காரர் தூக்கிப் போட இருந்த கண்ணாடி ஒன்றும் கதவில் பதிக்கக் கிடைத்தது. அதில் ஒரு மூலையில் ரசம் போயிருந்தது. அத்தை அந்த மூலையில் மீந்த பச்சையைத் தொட்டு ஒரு கிளி எழுதினாள். மூக்குக்கு மட்டும் குங்குமத்தைக் குழைத்தாள். இந்தக் கிளி டிராக்டர்காரர் வீட்டுப் பீரோவில் கிடையாது என்று நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் சீர்வரிசையாக வந்த பீரோவில் முதலில் முகம் பார்ப்பார்கள். அடுத்து விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். அத்தையின் கதவைத் தட்டினால் மேளக்காரர் வந்துவிட்டார் என்று நினைக்கும்படி இருந்தது. கதவின் உள்பக்கம் சாக்கை நாலாக மடித்து ஒட்டி, அதன்மேல் இன்னொரு தகரம் அடித்த பிறகு ‘தும்’ என்று கனமாக, மரியாதையாக ஒலித்தது. கனம் என்றதும் அம்மாவுக்கு வேறு கவலை வந்தது. இறக்குகிற ஆட்கள் ஒற்றைக் கையால் தூக்கிவிட்டால்? அம்மாவே அடித்தட்டுக்குக் கீழே இடித்த வீட்டுச் செங்கல்லை வரிசையாக அடுக்கிப் பலகை போட்டு மூடினாள்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் பீரோவும் நாங்களும் டிராக்டரில் ஏறினோம். பச்சை டிரெய்லரில் அதே பச்சையில் பீரோ நின்றதைப் பார்த்தால், அது டிரெய்லரிலேயே முளைத்த மாதிரி இருந்தது. கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை என்று வழியெல்லாம் அத்தை பட்டுப்புடவையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கையால் பீரோவைப் பிடித்தபடியே வந்தாள். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பீரோவைத்தான் பார்க்கிறார்கள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பீரோவை இறக்கினார்கள். நாலு பேர் சேர்ந்து பிடித்து, “யப்பா, இன்னா கனம் கனக்குது” என்றார்கள். அம்மா எங்கேயோ இருந்த தென்னைமரத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா அப்பாவிடம் வந்து, “எதுக்குங்க இதெல்லாம்? உங்க இஷ்டம்னுதான சொன்னேன்” என்றார். அதையும் மரியாதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு அப்பா கும்பிட்டார்.

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். முகம் பார்த்தார்கள். கிளியைப் பார்த்து, இது புது மாடல் போல என்றார்கள். தட்டினார்கள். ‘தும்’ என்றது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அப்போது பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, “தொறந்து காட்டச் சொல்லு, எத்தினி தட்டு கீதுன்னு பாப்பம்” என்றாள்.

நாங்கள் யாரும் இதை நினைத்திருக்கவில்லை. சாவி அத்தையின் முந்தானையில் இருந்தது. அத்தையின் முகத்தில் பூசியிருந்த மஞ்சளையும் மீறி வெளுப்புத் தெரிந்தது. கழுத்தில் இருந்த புதுத் தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள், அவள் நகம் பதிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையிடம் கையை நீட்டினார். அத்தை சாவியைக் கொடுத்தாள். “வூட்டுக்குப் பெரியவ நான். மொதல்ல நான் மஞ்சா குங்குமம் வெக்கணும். தள்ளிக்குங்க எல்லாரும்” என்று சொல்லி, அந்தம்மா கதவைத் தன் உடம்பு அகலத்துக்கு மட்டும் திறந்தார். நான் அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு ஓடி அவர் இடுப்போரம் போய் நின்றேன். உள்ளே மேலும் கீழும் மல்லாட்டை. நேராக, தலைகீழாக, படுக்கைவாட்டில், தட்டுக்குத் தட்டு மல்லாட்டை. வேறு ஒன்றும் இல்லை, காலி.

அந்தம்மா அசையாமல் நின்றார். தகரம் தகரத்தோடு சேருகிற மடிப்பின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். குறுக்குக் கட்டையைத் தொட்டார். பிறகு திரும்பி அத்தையின் கைகளைப் பார்த்தார். மருதாணி வைத்திருந்த விரல்களில் தகரம் கிழித்த கோடுகள் இருந்தன. பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே திரும்பி, தட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

“உள்ளார மருமவளோட நகை நட்டு, பட்டுப்பொடவ எல்லாம் கொள்ளாம கீது. கண்ணு படும். ஒருத்தருக்கும் தொறக்க மாட்டேன்” என்றார். பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்தாள். அந்தம்மா பீரோவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பந்தி முடிகிற வரைக்கும், யார் கூப்பிட்டும், அங்கிருந்து நகரவே இல்லை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவ்வளவு பெரிய ஆளை என் அத்தை ஏமாற்றிவிட்டாளே என்று பூரித்துப் போனேன். வெயில் தாழ்ந்து நாங்கள் திரும்பியபோது டிரெய்லர் காலியாக இருந்தது. அத்தை உட்கார்ந்து வந்த இடத்தைப் பார்த்தபடி அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன்.

“அந்தம்மாவுக்குக் கண்ணே தெரில. மல்லாட்டைய பாத்துட்டு நகைன்னு சொல்லிகினு கீது.”

அம்மா சட்டென்று திரும்பினாள். அந்தம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு உள்ளே நடந்தது தெரிந்திருக்கவில்லை. “நல்லாத் தொறந்து பாத்துச்சாடி?”

“ரொம்ப நேரம் பாத்துச்சி. தொட்டுகூட பாத்துச்சி. அத்தை கையயும் பாத்துச்சி.”

“அதுக்கப்பறமா பூட்டிச்சி?”

“பூட்டி இடுப்புல சொருவிகிச்சி.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்குவதைப் பார்த்து, சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் கண்ணீரைப் பார்த்தேன். அப்பா களமருதூர் இருந்த திசையைப் பார்த்துத் தலைக்கு மேல் கைகளைக் கூப்பினார். அவர் முகமும் நனைந்திருந்தது. பார்க்கக்கூடாததை அந்தம்மா பார்த்துவிட்டார், எல்லாம் கெட்டுப் போய்விட்டது, நாளைக்கே அத்தையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்குத்தான் இவர்கள் இப்படி அழுகிறார்கள் என்று நினைத்து, நான் அவர்கள் இரண்டு பேரையும்விடச் சத்தமாக அழ ஆரம்பித்தேன்.