ஓரகத்தி தொடாத டீ

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி பெற்றவை. அவள் பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போன காலம் முழுக்க அவள் பிள்ளைகளுக்குத் தலை வாரியதும் சோறூட்டியதும் நான்தான். இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் குறை. சொல்லத்தான் செய்வேன். வேலை விட்டு வருகிறவளுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தேன், விளிம்பில் நசுங்கல் விழுந்தது. அதில் இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் குடித்த பிறகுதான் அவளுக்குப் பேச்சே வரும். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் சாயங்காலமானால் ஆஸ்டின் டவுனில் பக்கத்துத் தெருவிலிருந்து அந்த டம்ளருக்கு வந்துவிடுவாள்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் குடத்தைத் தூக்கப் போனவள் அப்படியே சாய்ந்தேன். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னடத்தில், "அஜ்ஜி, கை எத்தி" என்பார், பாட்டி கையைத் தூக்குங்க என்று. கை யாருடையதோ போல மடியில் கிடக்கும். உயிர் பிழைத்ததே பெரிது, கை வருமா என்பது ஆண்டவர் கையில் என்று சொல்லி அனுப்பினார்கள். ஐந்து வாய்க்கு ஊட்டின கை அது. மருமகள் எனக்கு ஸ்பூனில் ஊட்டும்போது நான் சுவரைப் பார்த்துக்கொள்வேன்.

ஓரகத்தி தினமும் வந்தாள். குளிப்பாட்டி, துணி மாற்றி, எண்ணெய் தொட்டு ஒவ்வொரு விரலாக நீவிவிடுவாள். உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்துகொண்டிருக்கும். ஆனால் மருமகள் டீ கொண்டுவந்தால் வேண்டாம் என்று கை காட்டிவிடுவாள். நான் அடுப்படியில் நின்ற காலத்தில் கேட்டு வாங்கிக் குடித்தவள், நான் விழுந்ததும் என் வீட்டில் வாய் நனைக்க மாட்டேன் என்கிறாள். எந்நேரமும் அவள் மேல் தைல வாசனை வேறு. என் வாடை தாங்காமல்தான் பூசிக்கொண்டு வருகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். குழறுகிற நாக்கோடு ஒருநாள் கேட்டும்விட்டேன்: "இன்னாடி, என் வூட்டு டீ உனுக்கு இறங்கலியா?"

"வவுறு சரியில்லக்கா. கையக் குடு."

கையை இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். இழுக்க அதற்குத் தெம்பில்லை.

ஒரு சாயங்காலம் தூறல் விழ, மருமகள் என் டீயை ஸ்டூலில் வைத்துவிட்டுக் காய்கிற துணியை எடுக்க ஓடினாள். பழக்கத்தில் வலது கை தானாகப் போனது. விரல் மடங்கியது. பாதி சேலையில் சிந்தியது, மீதி வாய்க்கு வந்து சேர்ந்தது. நிமிர்ந்தால் வாசலில் ஓரகத்தி நிற்கிறாள். அவள் அழவில்லை, ஸ்தோத்திரம் என்று சத்தம் போடவும் இல்லை. கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எனுக்கும் ஒரு டம்ளர் போடச் சொல்லு. தலவலி உயிர் போவுது."

குடித்த பிறகு சொன்னாள். இந்தக் கை தானாக டம்ளரைத் தூக்குகிற வரைக்கும் டீ தொடுவதில்லை என்று பொருத்தனை. டீ இல்லாத தலைவலிக்குத்தான் அந்தத் தைலம். அவளுக்கு இன்னொரு டம்ளர் கொடு, சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போடு என்று மருமகளிடம் சொன்னேன்.

காலும் தேறி நான் நடந்து சபைக்குப் போன முதல் ஞாயிறு, சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அவள் முன்கூட்டியே மிரட்டியிருந்தாள்: "ஆண்டவரச் சொல்லு, டாக்டரச் சொல்லு. என் டீ பேச்ச எடுத்தே, உன் வாசப்படி மிதிக்கமாட்டேன். உபவாசம் ஊருக்குத் தெரிஞ்சா பலன் போச்சு." ஆண்டவரைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். அது பாதிச் சாட்சி.

ஒருத்தி டீயை விட்டதற்காகவா ஆண்டவர் இரங்கினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் மூஞ்சியைத் திருப்பியும் போகாத ஒருத்தியை என் பக்கத்தில் உட்காரவைத்தார், அது தெரியும்.

போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலத்தில், அவள் ஆண்டவரிடம் போய்விட்டாள். நசுங்கின டம்ளரில் இப்போது நான் குடிக்கிறேன். வந்த கையால்தான் இதை எழுதினேன். படித்தது இரண்டாம் வகுப்பு, எழுத்து கோணல்தான்.

இதோ பேத்தி வந்துவிட்டாள். பையை வைத்துவிட்டு வா. ஞாயிற்றுக்கிழமை சபையில் இந்த மீதிச் சாட்சியை நீதான் வாசிக்கணும். முதலில் எனக்கு ஒருதரம் வாசித்துக் காட்டு. சத்தமாகவே வாசி. சண்டை போடவாவது அவள் வாசப்படி ஏறட்டும்.