சின்யோராவின் நொண்டிக் குட்டி

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேநீர் போடுகிற ஆள் நான். அதற்கெல்லாம் எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. நீங்கள் இதை நம்பாவிட்டாலும் கோபிக்க மாட்டேன், என் மனுசனே இன்னும் நம்பவில்லை.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசா என்ற பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில், எண்பத்தாறு வயது இத்தாலிய அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. புருசன் இருந்த காலத்தில் வருசா வருசம் ஜூலையில் தென்னாபிரிக்காவில் ஒரு சரணாலயத்துக்குப் போவார்களாம். நாங்கள் இங்கே வெந்து சாக, அங்கே அது குளிர்காலம். மரமெல்லாம் இலை கொட்டி, நீர்நிலைகள் வற்றி, மிஞ்சிய ஒரே குட்டைக்கு மிருகங்கள் வரும். அந்தக் குட்டையை ஒரு கமரா நாள் முழுக்க இணையத்தில் காட்டுகிறது. சின்யோராவின் மகள் அதை டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டு மிலானோவுக்குப் போய்விட்டார். பார்த்துச் சொல்ல வேண்டியது நான். ஏதாவது வந்தால்தான் சின்யோரா வாய் திறப்பார், இல்லாவிட்டால் மதியச் சாப்பாடு அப்படியே ஆறிக் கிடக்கும்.

நான் உடுப்பு அயன் பண்ணுவதா, சமைப்பதா, வரிக்குதிரை எண்ணுவதா? அலுத்துப் போய், எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு தீத்தும்போது கதை கட்டுவோமே, அதே வேலையைத் தொடங்கினேன். ஒட்டகச்சிவிங்கிக் குட்டி ஒன்று வருகிறது, இடது முன்னங்கால் நொண்டி என்றேன். திரையில் வெறும் புழுதிதான். ஆனால் சின்யோரா ஒரு கோப்பை சூப்பையும் குடித்து முடித்தார். பிறகு தினமும் அந்தக் குட்டிதான்.

இரண்டு கிழமை கழித்து மகள் வந்தபோது கூடத்திலிருந்து கூப்பிட்டார். "கலா, அம்மா சொல்லுற நொண்டிக்குட்டி இதுதானே?"

அயன் பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். இடது முன்னங்கால். தாயின் பின்னால் இழுத்து இழுத்து நடந்தது. தற்செயல் என்று நினைத்தேன், வேறென்ன நினைக்க.

பிறகொரு நாள் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விடியற்காலையிலேயே குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வரிசையில் நின்று, ஒரு கடதாசியை வீட்டில் மறந்து வந்ததால் வெறுங்கையோடு திரும்பினேன். வந்து கரண்டியைப் பிடித்தால் சின்யோரா அதைத் தள்ளிவிட்டு, குட்டி எங்கே, குட்டி எங்கே என்று மூன்று தரம் கேட்டார். எனக்குத் தலை வெடித்தது.

"அதைச் சிங்கம் பிடிச்சிட்டுது, சின்யோரா. இனி வராது. சாப்பிடுங்கோ."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து திரையைப் பார்த்தேன். குட்டையடியில் மூன்று பெண்சிங்கங்கள் படுத்திருந்தன. நடுவில் கிடந்ததை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கால் மட்டும் முழுசாக இருந்தது.

மூன்று நாள் சின்யோரா ஒரு வாய் சாப்பிடவில்லை. மகள் போனில் சொன்னார், "இண்டைக்கும் சாப்பிடாட்டி ஆஸ்பத்திரியிலை விடுவம், கலா." அங்கே போனால் அவர் திரும்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் இல்லாவிட்டால் என் வேலையும் இல்லை, வேலை இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோவும் இல்லை. அதையெல்லாம் விட, அதைச் சொன்னது என் வாய். பயமாக இருந்தது. மனுசனிடம் சொன்னால், "உனக்கு வெயில் பிடிச்சிட்டுது, பேசாமல் படு" என்றார்.

அன்று மத்தியானம் சின்யோராவின் கட்டிலில் போய் இருந்தேன். "சின்யோரா, நான் பிழையாய்ப் பாத்திட்டன். செத்தது வேறை குட்டி. எங்கடை குட்டி இந்தா வந்து நிக்குது."

அவர் மெல்லத் திரும்பினார். வாயைத் திறந்தார். முழுக் கோப்பையும் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தேன். அதே நொண்டிக்குட்டி, தாயில்லாமல், தனியாக, கமராவை நேரே பார்த்துக்கொண்டு நின்றது.

இப்போது நவம்பர். அங்கே மழை வந்து மிருகங்கள் எல்லாம் கலைந்துவிட்டன. அது மட்டும் அதே இடத்தில் நிற்கிறது, தண்ணீர் குடிப்பதே இல்லை. சின்யோராவுக்கு உடம்பு தேறிவிட்டது, டொக்டர் என்னைப் பாராட்டினார். மனுசன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஒரு ஒட்டகச்சிவிங்கி நிக்குது, அதுக்கென்ன?" என்றார். அவர் வந்தது சாப்பாட்டு நேரமில்லை. டிவியை நிறுத்தினால் சின்யோரா சாப்பிட மாட்டார், அதனால் நான் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தீத்துகிறேன். முன்பு பார்த்திருக்கிறேன், நான் கரண்டியைத் தூக்கினால் திரையிலும் ஒரு வாய் திறக்கிறது.