அழைத்தவரே வைத்துவிட்டார்

“எங்க இருக்கீங்க? அதை முதல்ல சொல்லுங்க.”

தொலைபேசி இரண்டாவது முறை ஒலிப்பதற்குள் அக்கா எடுத்துவிடுகிறார். வணக்கம் கிடையாது, யார் பேசுவது என்ற விசாரிப்பு கிடையாது. மறுமுனையில் அமைச்சரின் செயலாளர். கீழ்த்தளத்தில்தான் இருக்கிறேன் என்று அவர் தடுமாறிச் சொன்ன பிறகே, “ம், இப்ப விஷயத்துக்கு வாங்க” என்கிறார்.

நாடாளுமன்றத்துக்கு வருமுன் இருபத்திரண்டு ஆண்டுகள் அவசர உதவி அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். தீ, விபத்து, அடிதடி, பிரசவ வலி என்று எது வந்தாலும் அங்கே முதல் கேள்வி இடம்தான். பேச்சு பாதியில் அறுந்தாலும் வண்டி போய்ச் சேர ஓர் இடம் தெரிந்திருக்க வேண்டும். “வீட்ல சோறு ஆறுதுன்னு போன் பண்ணினாக்கூட எங்க இருக்கீங்கன்னுதான் கேப்பா. அடுப்படியிலதாம்மா இருக்கேன்னு சொல்லணும்” என்கிறார் தையற்காரரான அவருடைய கணவர்.

வயது ஐம்பத்தெட்டு. அவர் இருக்கும் நாடாளுமன்றக் குழுவின் எழுபத்தொரு வயதான தலைவர் உட்பட எல்லாருக்கும் அவர் ‘அக்கா’. படைவீரர்கள், ஓய்வுபெற்ற வீரர்கள், காவல், தீயணைப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் குழு அது. அடிக்கல் நாட்டும் வாய்ப்போ, ரிப்பன் வெட்டும் வாய்ப்போ இல்லாததால் புது உறுப்பினர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாவது மாடியில் அவர் அறை. மேசையில் விரிசல் விட்ட தீயணைப்புத் தலைக்கவசங்கள் நான்கு அடுக்கியிருப்பதால் கடிதங்களுக்கு இடமில்லை. ஜன்னலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் அவற்றை மாட்டியிருக்கிறார். நின்றுகொண்டே சாப்பிடுவார். கடிதங்களை நின்றுகொண்டு வாய்விட்டுத்தான் படிப்பார். “கண்ணால படிச்சா கையெழுத்துதான் தெரியும். வாயால படிச்சாத்தான் ஆள் தெரியும்” என்பது அவர் வாதம்.

அப்படி அவர் உரக்கப் படித்த கடிதங்களில் ஒன்று பீரங்கிக்காரருடையது. பத்தொன்பது ஆண்டுகள் பெரிய பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர். ஓய்வு பெற்ற எட்டாம் ஆண்டில் இரண்டு காதும் முழுசாகப் போய்விட்டன. சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருப்பார். நாம் அதில் எழுத வேண்டும், அவர் வாயால் பதில் சொல்வார்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு அவர் மனைவி சமையலறையில் சரிந்து விழுந்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். இவர் அவசர எண்ணை அழுத்தினார். கைபேசித் திரையில் நொடிகள் ஓட ஆரம்பித்ததும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து விலாசத்தைச் சொன்னார், வைத்தார், மனைவியைப் பார்க்க ஓடினார். வண்டி வரவில்லை. மறுபடியும் அழைத்தார். மூன்றாம் தடவையும் அழைத்தார். கடைசியில் தெருவில் இறங்கி ஒரு சரக்கு வண்டியை மறித்து ஏற்றிக்கொண்டு போனபோது நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. மனைவி வழியிலேயே போய்விட்டார்.

அவர் கொடுத்த புகாருக்கு மூன்று வரியில் பதில் வந்தது. அந்த எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள் வந்துள்ளன. மூன்றையும் அழைத்தவரே வைத்துவிட்டார். துறையின் தரப்பில் தவறேதும் இல்லை.

அக்கா அதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கடிதம் படிக்கும்போது அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்கிறார் உதவியாளர்.

திரையில் நொடி ஓடியதன் அர்த்தம் அக்காவுக்குத் தெரியும். எடுத்தது ஆளல்ல, காத்திருக்கச் சொல்லும் இயந்திரம். காது கேட்கிற யாரும் அதைக் கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பார்கள். பீரங்கிக்காரர் இயந்திரத்திடம் விலாசம் சொல்லிவிட்டு வைத்திருக்கிறார்.

அந்த அழைப்புகளின் ஒலிப்பதிவைத் தரச் சொல்லி எழுதினார். ஊழியர் எவரும் பேசாத அழைப்புக்குப் பதிவு இருக்காது என்று அவசர உதவித் துறை இயக்குநர் எழுதினார். அக்கா நேரே அவரிடம் போனார்.

“லைன் சேர்ந்ததுமே பதிவு ஓட ஆரம்பிச்சிடும் தம்பி. ஆள் எடுத்தாலும் ஓடும், எடுக்காட்டாலும் ஓடும். நான் அந்த ரூம்ல கிடந்தவ. என்கிட்டயேவா?”

நான்கு மாதமும் ஐந்து கடிதமும் ஆன பிறகு பதிவு வந்தது. குழு கூடிய அன்று பீரங்கிக்காரரையும் வரவழைத்திருந்தார்கள். அக்காவைப் பற்றி எழுத வந்த நானும் பார்வையாளர் வரிசையில் இருந்தேன்.

முதலில் பீரங்கிக்காரரின் காது போனதைப் பற்றிப் பாதுகாப்புத் துறை அதிகாரி பேசினார். வயதானால் எல்லாருக்கும் செவித்திறன் குறையும், அதைப் பணியில் நேர்ந்த காயமாகக் கொள்ள முடியாது, விதிப்படி ஒவ்வொரு வீரருக்கும் காதடைப்பான் உண்டு என்றார். அக்கா அதை நோட்டில் எழுதி பீரங்கிக்காரர் முன் நகர்த்தினார். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

“எட்டுப் பேருக்கு மூணு ஜோடி. அதுல ஒண்ணு, சுடுன்னு சொல்ற ஆபீசருக்கு. மிச்சம் ரெண்டுக்குச் சீட்டு குலுக்கிப் போடுவோம்.”

தன் குரல் தனக்கே கேட்காததால் ஓங்கிப் பேசினார். கூடம் அதிர்ந்தது. தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்கக்கா” என்றார்.

“காதைத்தான் நாம எடுத்துக்கிட்டோம். குரலையும் குறைச்சுக்கணுமா?”



பதிவை ஓடவிட்டார்கள். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, இணைப்பில் காத்திருக்கவும்’ என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொல்லிக்கொண்டிருக்க, அதன் மேலேயே அந்த ஓங்கிய குரல் வந்தது. வீட்டு எண். தெரு. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து. “வீட்டுக்காரி பேச்சுமூச்சில்லாமக் கிடக்கா. எனக்குக் காது கேக்காது. நீங்க சொல்றது எதுவும் எனக்குக் கேக்காது. வண்டிய மட்டும் அனுப்புங்க.” படையில் பழகியபடி விலாசத்தை இன்னொரு தடவை, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். பிறகு வைத்த சத்தம்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் விலாசத்துக்குப் பிறகு, “வர்றீங்கதானே?” என்று கேட்டுவிட்டு வைத்திருந்தார்.

முழுப் பதிவும் ஓடி முடியும்வரை பீரங்கிக்காரர் கூடத்திலேயே கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒலிப்பது தன் குரல் என்பதே அவருக்குத் தெரியாது. எல்லாரும் தலையைக் குனிவதைப் பார்த்து, தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து அக்காவைப் பார்த்தார். அக்கா நோட்டை இழுத்து, ‘உங்க விலாசம் எல்லாருக்கும் கேட்டுச்சு’ என்று எழுதினார். படித்துவிட்டு அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அக்கா எழுந்து நின்றார். “அழைத்தவரே வைத்துவிட்டார்னு ஒரு வரி எழுதியிருக்காங்களே, அந்த வரி எனக்குப் புதுசில்ல. ராத்திரி பகல்னு இல்லாம அந்த நாற்காலியில உக்காந்து நானே எழுதியிருக்கேன். எத்தனைன்னு கணக்கே கிடையாது. ஒண்ணையாவது திருப்பிக் கூப்பிட்டேனா? இல்ல. கூப்பிடணும்னு விதியில்ல. யாரு என்ன சொல்லிட்டு வச்சாங்களோ, எனக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் தெரியாது.” குரல் உயரவில்லை.

பதினான்கு மாதம் கழித்துச் சட்டம் நிறைவேறியது. அவசர எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். பாதியில் நின்ற ஒவ்வோர் அழைப்பையும் கேட்டுப் பார்த்து, திருப்பி அழைத்தாக வேண்டும். பீரங்கிப் படையில் போன காதைப் பணியில் நேர்ந்த காயமாக ஏற்கும் பிரிவை மட்டும் உருவிவிட்டார்கள். அது மேலாய்வுக்குப் போயிருக்கிறதாம்.

“மேலாய்வுன்னா என்னக்கா?” என்று கேட்டேன்.

“இவங்க எல்லாரும் செத்த பிறகு ஒரு நல்ல அறிக்கை வரும்” என்றார்.

போன மாதம் அந்தக் குறுஞ்செய்திச் சேவைக்குத் தொடக்க விழா. அக்கா பீரங்கிக்காரரையும் கூட்டிக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டார். வாசலில் ஒரு மேசையில் துண்டுப் பிரசுரம் கட்டுக் கட்டாக இருந்தது. ஒன்றை எடுத்து நின்றபடியே படித்தவர், கடைசி வரியில் நின்றுவிட்டார். இயக்குநரைக் கைகாட்டி அழைத்தார்.

“இது யாருக்காக அடிச்சது?”

“காது கேளாத முன்னாள் படைவீரர்களுக்குத்தாங்க்கா. நாலாயிரம். நாளைக்குத் தபால்ல போகுது.”

“கடைசி வரியக் கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்சாகமாகவே ஆரம்பித்தார். “இச்சேவையில் பதிவு செய்துகொள்ள, அலுவலக நேரத்தில் கீழ்க்கண்ட எண்ணில் தொடர்புகொண்டு பேச...” அங்கேயே நின்றுபோனார்.

“திருத்தி அடிக்கணும்னா மூணு வாரம் ஆகுங்க்கா. இப்போதைக்குப் போகட்டும். வீட்ல யாராச்சும் பேசிக்குவாங்க.”

அக்கா அவரைப் பார்த்தார். பக்கத்தில் தனியாக நின்றிருந்த பீரங்கிக்காரரையும் பார்த்தார்.

உள்ளே அமைச்சர் வந்துவிட்டார். ஒலிபெருக்கியில் அக்காவை மேடைக்கு அழைத்தார்கள், இரண்டாம் தடவையும் அழைத்தார்கள். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டைப் பிரித்து, முதல் தாளில் இருந்த அந்த எண்ணைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, அதன் கீழே ‘எழுதி அனுப்புங்கள்’ என்று தன் சொந்தக் கைபேசி எண்ணை எழுதினார். இரண்டாவது தாளில் அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. அதைக் கசக்கி ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார்.