மூன்றாவது அழைப்பு வரை மூடிய பேனா

என் பேனாவின் மூடியைப் பார்த்து இளம் வழக்கறிஞர்கள் சிரிப்பார்கள். வழக்கு கூப்பிடும்போது பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எழுத்தர் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் நான் ஒருவன்தானாம். சிரிக்கட்டும். இந்தப் பழக்கம் எங்கள் டவாலியால் வந்தது. வெள்ளைச் சீருடையில் குறுக்கே சிவப்புப் பட்டை அணிந்து நீதிபதிக்கு முன்னால் நடந்து வருவார். கட்சிக்காரர்களின் பெயரைக் கூப்பிடுவதும் அவர்தான்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேகமான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் தலைக்கேறியும் இருந்தது. சம்மன் பெற்ற பிரதிவாதி குறித்த நாளில் வராவிட்டால் அவர் பெயரை மூன்று முறை கூப்பிடுவது எங்கள் வழக்கம். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் வழக்கை ‘ஒருதலைப்பட்சம்’ என்று வைத்துவிடுவார்கள். அதன்பின் வாதியின் குரல் மட்டும்தான் கேட்கும். முதல் அழைப்பு முடியும் முன்பே நான் நாட்குறிப்பில் ‘அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை, ஒருதலைப்பட்சம்’ என்று எழுதி முடித்திருப்பேன். வராதவர்கள் வரப்போவதில்லை என்பது என் பெரிய அனுபவம்!

அன்றைய பட்டியலில் திருவிடந்தையைச் சேர்ந்த ஓர் அம்மா பிரதிவாதி. மீன் விற்றுப் பிழைப்பவர். அவர் வீடு இருக்கும் இடமும் தன்னுடையது என்று பக்கத்து நிலத்தை வாங்கியவர் வழக்குப் போட்டிருந்தார். வக்கீல் யாரும் அந்த அம்மாவுக்காக வரவில்லை. டவாலி இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லை. நான் வழக்கம்போல் முதல் அழைப்பிலேயே எழுதிவிட்டிருந்தேன். நாட்குறிப்பை ஒரு பார்வை பார்த்த டவாலி, மூன்றாவது முறைக்கு வராந்தாவில் நிற்காமல் படியிறங்கிப் போனார். வாசல் கேட்டில் அவர் குரல் கேட்டது. நீதிபதி அடுத்த வழக்குக் கட்டைப் புரட்டியபடி காத்திருந்தார். எனக்கோ எரிச்சலாக வந்தது.

அவர் திரும்பி வந்தபோது பின்னால் அந்த அம்மா ஓடி வந்தார். திருப்போரூரில் பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து வழி கேட்டுக்கேட்டு அப்போதுதான் கேட்டை அடைந்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் கவருக்குள் சம்மன்.

“ஐயா, பஸ்ஸு லேட்டாயிட்ச்சி. எனக்கு இருக்குறது அந்த ஒரு வூடுதான்யா,” என்று கும்பிட்டார்.

நீதிபதி அவருக்கு இலவச சட்ட உதவிக்கு வழி சொல்லி, பதில் தாக்கல் செய்ய வாய்தா கொடுத்தார். நான் எழுதியதை அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். கையெழுத்திடும்போது நீதிபதி நான் அடித்த கோட்டைப் பார்த்தார். என் காது சுட்டது. ஒருதலைப்பட்சத்தை ரத்து செய்யச் சட்டத்தில் மனு உண்டு. ஆனால் கேட்டுக்கே வழி தெரியாதவர் அந்த மனுவுக்கு எங்கே வழி கேட்பார்? வழக்கு சில வருடங்கள் நடந்து வீடு அந்த அம்மாவுக்கே நிலைத்தது.

டவாலி ஓய்வுபெற்ற நாளில், டீ குடிக்கும்போது அதைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மா வருவார் என்று எப்படித் தெரிந்தது?

“எனக்கு இன்னா சார் தெரியும்? உங்க பேனா எனக்கு முன்னாடி ஓடிக்கினு இருந்துச்சி. அது எய்துனது பொய்யாப் போயிடக்கூடாதேன்னு கேட்டு வரிக்கும் நடந்தேன். வந்தா அந்தம்மாவுக்கு வூடு. வராங்காட்டி, கூப்ட்டம்னு எய்துனது ஆச்சும் நெசமா கீதே.”

இத்தனை நாள் அவர் அந்த அம்மாவைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருந்தேன். என்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறார். நான் முன்கூட்டியே எழுதியதை ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நெகிழ்கிறது. அன்று ஒரு நன்றிகூடச் சரியாகச் சொல்ல வரவில்லை எனக்கு.

இப்போது வழக்கு எண் திரையில் ஓடுகிறது. போன வாரம் மதுராந்தகத்துப் பெரியவர் ஒருவரின் எண் வந்தது, ஆளைக் காணோம். அலுவலக உதவியாளர் பெண் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“கேட் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாம்மா,” என்றேன்.

மூன்றாவது அழைப்பு கேட்டிலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் படியில் மூச்சிரைக்கும் ஒரு குரல், “தோ வந்துட்டேன்மா” என்றது.

மூடியைக் கழற்றி, ‘ஆஜர்’ என்று எழுதினேன்.