ஜனவரி இருபத்திரண்டு

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது நைனாவின் முதுகை. தோளில் ஈரத்துண்டோடு காலண்டருக்கு எதிரே நின்று முந்தின நாள் தாளைக் கிழித்தார். திரும்பாமலே கேட்டார்.

"இன்னிக்கு இன்னா சண்டை?"

பாயில் படுத்தபடியே சொன்னேன். சரி என்பதற்கு அவர் ஒரு முறை செருமினார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

நைனா பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். பிள்ளைகள் வருடங்களை மறந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய தீராத மனக்குறை. அதற்கு மருந்தாக ஒரு முறையைக் கண்டுபிடித்து, முதலில் என்மேல் சோதித்துப் பார்த்தார். எந்த நாட்டில், எந்த நூற்றாண்டில் நடந்திருந்தாலும் ஒரே தேதியில் நடந்த சண்டைகளை ஒன்றாகச் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். தேதியைச் சொன்னால் சண்டைகள் வரிசையாக வந்து நிற்க வேண்டும். பெரிய சண்டைகள் முதல் வரிசை, சின்னவை இரண்டாம் வரிசை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒப்பிக்க முதல் வரிசையே போதும் என்பது ஏற்பாடு. எனக்கு அப்போது பத்து வயது. பதிமூன்றாம் வாய்பாடு தடுமாறும். சண்டை தடுமாறாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டாளத்தில் இருந்தார். லீவில் வந்தால் என்னை ஆல் இந்தியா ரேடியோ என்பார். "நான் சம்பளம் வாங்கிகினு இருக்கறேன், எனக்கே இத்தினி சண்டை தெரியாது" என்று காதைத் திருகுவார். அந்த மாமாவுக்குத்தான் அனந்தபுரத்தில் பெண் பேசியிருந்தது. அன்று மாமாவோடு கல்யாண நாள் குறிக்கப் போனோம். அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும் என்று பஸ்ஸில் இரண்டு முறை சொன்னாள். மழைமேகம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியை மறைத்திருந்தது.

பெண்ணின் அப்பா வேர்க்கடலை வியாபாரி. கூடத்தில் பாதி இடம் மூட்டைகளுக்குப் போக, மீதியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் ராணுவ உடையில் ஓர் இளைஞரின் படம், பிளாஸ்டிக் மாலையோடு. பெண்ணின் தாய்மாமன் என்றும், எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் போனவர் என்றும் அம்மா எனக்குக் கிசுகிசுத்தாள். எழுபத்தொன்று என்றதும் அதற்கான டிசம்பர் தேதிகள் என் தலைக்குள் ஓடின. படத்தில் இருந்தவரை நான் சரியாகப் பார்க்கவில்லை.

பெண்ணின் அம்மாவுக்குப் பட்டாளத்து மாப்பிள்ளையில் விருப்பமில்லை. புருஷனும் மகளும் பிடிவாதமாக இருந்ததால் இறங்கி வந்திருந்தார். பேச்சு முழுவதும் அவர் கதவருகிலேயே நின்றார். இது ஜமக்காளத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும்.

வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள் எல்லாம் தட்டில் வந்தன. பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஜோசியரு பாத்துக் குடுத்துட்டாரு. தை மாசம் வளர்பிறை, புதன்கிழமை. இங்கிலீஷ் தேதிக்கு ஜனவரி இருபத்திரண்டு."

அவர் சொன்ன ராகம் அப்படியே நைனாவின் காலை ராகம். என் வாய் தானாகத் திறந்தது.

"வந்தவாசி, ஆயிரத்து எழுநூத்து அறுபது, பிரெஞ்சுக்காரங்க தோத்தாங்க. ஆப்பிரிக்கா, ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தொம்பது, வெள்ளைக்காரன் பட்டாளம் கூடாரத்தோட அழிஞ்சுது. இத்தாலி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திநாலு, கப்பல்ல வந்து கரையில எறங்குனாங்க."

நிறுத்தாமல், நிறுத்தக்குறிகளோடு சொல்லி முடித்தேன். யாரும் செருமவில்லை.

பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "இன்னா வாத்தியாரே இது?"

நைனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கொழந்தை... பாடம்... ஸ்கூல் பாடம்" என்றார். முப்பது பையன்களை ஒரே பார்வையில் அடக்குகிற மனிதர் அவர்.

கதவருகிலிருந்து பெண்ணின் அம்மா முதல் முறையாகப் பேசினார். "பட்டாளம் அழிஞ்ச நாளா பாத்துத்தான் எம் பொண்ணுக்குத் தாலி கட்டணுமா? வேற நாள் பாருங்க. இல்லன்னா உட்டுடுங்க."

மாமா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அத்த, நீங்க எந்த நாளைச் சொன்னாலும் இது ஒரு சண்டையைச் சொல்லும். இது கையில இல்லாத நாளே கெடையாது."

அவர் உதவியாகத்தான் சொன்னார். பெண்ணின் அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். ஜோசியர் கொடுத்த மாற்று நாள் ஒன்றும் அவரிடம் இருந்தது. நேராக என்னைப் பார்த்தார்.

"பிப்ரவரி பதினாலு. வெள்ளிக்கிழமை. சொல்லு பாப்பா, அன்னிக்கி இன்னா?"

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் ஜமக்காளத்தின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"கடல் சண்டை. ஸ்பெயின் கப்பலுங்க தோத்துது" என்றேன், இந்த முறை மெதுவாக.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெண்ணின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சுவரில் இருந்த படத்தின் பக்கம் திரும்பி நின்றார். பெண்ணின் அப்பா தட்டைத் தன் பக்கமாக இழுத்து வைத்தார். இழுத்த தூரம் ஒரு முழம்கூட இருக்காது. மாமாவின் சிரிப்பு அதோடு நின்றது.

அப்போதுதான் உள் அறையிலிருந்து பெண் வெளியே வந்தாள். நாள் குறிக்கும்போது பெண் கூடத்துக்கு வருகிற வழக்கமில்லை. தலையில் வைத்த கனகாம்பரம் பாதி செருகாமல் தொங்கியது. யாரையும் பார்க்காமல் என் எதிரே வந்து குந்தினாள்.

"பாப்பா, மொதல்ல சொன்னியே, இருபத்திரண்டு. அன்னிக்கி யாருன்னா ஊட்டுக்குத் திரும்பி வந்தாங்களா?"

இந்தக் கேள்வியை நைனா கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். இரண்டாம் வரிசையில் ஒன்று இருந்தது.

"அதே ஆப்பிரிக்காவுல, அன்னிக்கி சாயங்காலமே இன்னோரு எடத்துல சண்டை வந்துது. ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒண்ணு. கொஞ்சம் பேருதான் இருந்தாங்க. ராத்திரி பூரா நின்னாங்க. காலைல பாத்தா முக்காவாசிப் பேரு உசுரோட இருந்தாங்க."

"அதே நாளா?"

"அதே நாள்தான். ஆனா அவங்க வெள்ளைக்காரங்க."

"யாரா இருந்தா இன்னா. அத ஏன் மொதல்லயே சொல்லல?"

"அது சின்ன சண்டை. ரெண்டாவது வரிசை."

அவள் சிரித்தாள். பிறகு எழுந்து, கதவருகில் நின்ற தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "யம்மா, அதே தேதி இருக்கட்டும்."

அவள் அம்மா வெகுநேரம் மகளையே பார்த்தார். பிறகு வந்து, தொங்கிய பூவைத் தலையில் சரியாகச் செருகிவிட்டுத் தட்டைத் தூக்கி என் அம்மாவின் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது யாரும் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை நைனா தாளைக் கிழித்தார். கேள்வி கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். சில நாள் போர்வைக்குள் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கல்யாணம் ஜனவரி இருபத்திரண்டிலேயே நடந்தது. தாலி கட்டியதும் பெரியவர்கள் பெண்ணை மாமாவின் வலப்பக்கத்திலிருந்து எழுப்பி இடப்பக்கம் உட்கார வைத்தார்கள். அவள் எனக்கு அத்தையானாள்.

அடுத்த வருடம் இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்குப் போனது. மாமாவும் போனார். அத்தை எங்களோடு செஞ்சிக்கு வந்து தங்கினாள். இரவு ரேடியோ செய்திக்கு முன்னால் அம்மா சமையலறைக்குள் போய்விடுவாள். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பாள். காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். கிழித்துவிட்டு என் பக்கம் திரும்புவாள்.

"பாப்பா, இன்னிக்கு ரெண்டாவது வரிசையில இன்னா இருக்குது?"

பல நாட்களுக்கு எனக்கு இரண்டாம் வரிசையே கிடையாது. நான் திருதிருவென்று விழித்தால், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் நைனா குரல் கொடுப்பார். "நாளைக்கு சொல்றேன்னு சொல்லு." பள்ளிக்கூட நூலகத்திலிருந்து தடித்த புத்தகங்களை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். இரவில் விளக்கடியில் அவற்றைப் புரட்டினார். எந்த ராஜா ஜெயித்தான் என்ற பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டு எதையோ தேடினார். ஆற்றைக் கடந்து தப்பியவர்கள், காயத்தோடு கிராமத்துக்கு வந்து சேர்ந்தவர்கள், சண்டையே போடாமல் கலைந்துபோன ஒரு படைப்பிரிவு. மறுநாள் காலையில் அவற்றை எனக்குச் சொல்லித்தருவார். நான் அத்தைக்குச் சொல்வேன். பரீட்சைக்கு வராத இந்தச் சில்லறைச் சண்டைகளுக்காக ஒரு சரித்திர வாத்தியார் ஏன் இப்படிக் கண் விழிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவரே நேரடியாக அத்தையிடம் சொல்லிவிட்டால் என்ன என்றும் விளங்கவில்லை.

மாமா திரும்பி வந்தார். இப்போது அனந்தபுரத்தில் இருக்கிறார்கள். அவருக்கு இடது காது கேட்காது. அத்தை எப்போதும் அவருடைய வலப்பக்கம் உட்காருகிறாள்.