அரைக்கரண்டியின் மஞ்சள் மீன்

என் அக்காவின் கணவர் ஒரு கல்லூரி விடுதியின் சமையலறையைக் கட்டி மேய்த்தவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அரைக்கரண்டி. தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்க சார்" என்று கேட்பவனின் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அளவுன்னா அளவுதான்" என்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். அக்காவைத் தவிர வேறு யாரும் அவரோடு குடித்தனம் நடத்தியிருக்க முடியாது.

ஓய்வு பெற்றதும் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தார். உப்பைக் கரைத்து, பாறைகளை அடுக்கி, கடல் மீன்கள் நாலைந்தை விட்டார். அதில் ஒரு மஞ்சள் மீன், அவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே கண்ணாடியோரம் ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தன்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஓர் உயிரை மனிதர் அதுவரை கண்டதில்லை. அப்படியே கவிழ்ந்துவிட்டார்.

"பாவம், பசிக்குது போல" என்று காலையில் ஒரு கரண்டி, டீ குடிக்கும்போது ஒன்று, நான் போனால் என்னை வரவேற்க ஒன்று. எனக்கு டீ வராவிட்டாலும் மீனுக்குத் தீனி விழும். தீனிக்கு வாங்கும் உறைந்த இறாலின் ஐஸ் கரைந்த தண்ணீரையும் தொட்டியிலேயே ஊற்றுவார்.

"சத்தெல்லாம் இதுலதான் மாப்ள இருக்கு. வீணாக்கலாமா?"

சத்து இருக்கத்தான் செய்தது. பாசி அதைத் தின்று கொழுத்தது. முதலில் கண்ணாடியில் பழுப்புப் படலம், பிறகு பாறையெல்லாம் பச்சை முடி. அத்தான் விளக்கைத் திட்டினார், பம்ப்பைத் திட்டினார், ஜன்னலுக்குத் திரை போட்டார். மூச்சு வாங்கச் சுரண்டிவிட்டு, மிரண்டுபோன மீன்களுக்கு ஆறுதலாக இன்னொரு கரண்டி போட்டார்.

ஒரு நாள் மஞ்சள் மீன் மேலே வந்து மூச்சுக்குத் திணறியது. அத்தான் செருப்பைக்கூட மாட்டவில்லை. ஓடிப்போய் மீன் கடைக்காரரை அழைத்து வந்தார்.

கடைக்காரர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். "மிச்சத் தீனியெல்லாம் அழுகி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கண்டபடி ஏறிக்கிடக்கு சார். நீங்க மீன் வளக்கல, பாசி வளக்குறீங்க. இப்படியே போனா இந்த மஞ்சள் தங்காது. தீனி டப்பாவை வேற யார் கையிலயாவது குடுத்துடுங்க."

டப்பா அக்கா கைக்குப் போனது. பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். இறாலை வடிகட்டி, அந்தத் தண்ணீரை அக்கா தயங்காமல் சிங்க்கில் கொட்டினாள். ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் அரைக் கரண்டி. பாசி வெளுத்து உதிர்ந்தது, மஞ்சள் மீன் தேறியது.

போன வாரம் போயிருந்தேன். தொட்டி பளிச்சென்று இருந்தது. அக்கா தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் பக்கத்தில் கையைக் கட்டி நின்றார்.

"இன்னும் கொஞ்சம் போடேன்" என்றார்.

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அளவுன்னா அளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்ததும் வந்த வேகத்தில் போய்விட்டது. பாவமாக இருந்தது, சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அக்கா டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மஞ்சள் மீன் அத்தானைத் தாண்டி, கண்ணாடியின் அந்தக் கோடிவரை அவள் பின்னாலேயே போனது.