குஜ்ஜர் பையாவின் அமாவாசை

அடிப்பிடித்த பாலும் ஏலக்காயும் கலந்த மணம் வந்தால், நாட்காட்டி பார்க்காமலே எங்கள் சந்துக்கு அன்று அமாவாசை என்று தெரிந்துவிடும். பர்மாவில் இன்சீன் ரயில் பட்டறைக்குப் பின்னால், என் அப்பாவைப் போன்ற பட்டறைத் தொழிலாளர்கள் மரவீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தச் சந்தின் கோடியில், எருமைக் கொட்டகை வைத்திருந்தார் ராம்ஸ்வரூப். அவருடைய தாத்தா ராஜஸ்தானிலிருந்து கப்பலேறி வந்த, கால்நடை வளர்க்கும் குஜ்ஜர் குலத்தவர் என்பதால் எங்களுக்கு அவர் "குஜ்ஜர் பையா"; பையா என்றால் இந்தியில் அண்ணன்.

மற்ற நாளெல்லாம் நுரை அடங்கும்வரை காத்திருந்து அளக்கிற கறார்க்காரர், அமாவாசையன்று மட்டும் பாலை விற்கவும் மாட்டார், தயிருக்கு உறை ஊற்றவும் மாட்டார். கறந்ததெல்லாம் பாலாகவும் பாயசமாகவும் வீடு வீடாகப் போய்விடும். "இது எங்க சாமிக்கு உள்ளது, வேணாம்னா எருமைக்கு ஆகாது" என்பார். யாரிடமும் எதையும் சும்மா வாங்காத என் அம்மா, அன்று மட்டும் சொம்பை நீட்டுவாள்.

நான் நான்காம் வகுப்பில் இருந்த கோடையில் சந்து தீப்பிடித்தது. எங்கள் வீடும் போய், கோயில் மண்டபத்தில் பாய் விரித்தோம். அதிர்ச்சியில் அம்மாவுக்குப் பால் வற்றிவிட, கைக்குழந்தையாக இருந்த தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். மறுநாள் காலையில் பையா பால்கேனோடு வந்தார்.

"நாங்க இன்னும் பிச்சைக்காரங்க ஆயிடல, பையா. அவருக்குச் சம்பளம் வரட்டும், வாங்கிக்கிறோம்" என்றாள் அம்மா. அப்பா தரையைப் பார்த்தார். நான் தம்பியின் உலர்ந்த உதட்டைப் பார்த்தேன்.

பையா கேனை இறக்கி வைத்தார். "பிச்சைன்னு யார் சொன்னது? இன்னிக்கு அமாவாசை."

முந்தின இரவு முழுநிலவு. அந்த வெளிச்சத்தில்தான் கருகிய மரங்களுக்கிடையில் எல்லாரும் சாமான்களைத் தேடியிருந்தோம். "ஏன் பையா, புகையில கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார் பக்கத்துப் பாயில் இருந்த மாரிமுத்து மாமா.

"எருமை என்னுது, சாமி என்னுது, அமாவாசையும் என்னுது. உமக்கென்ன நோவுது?"

மண்டபமே சிரித்தது. தீக்குப் பிறகு நாங்கள் கேட்ட முதல் சிரிப்பு அது. அம்மா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் சொம்பை நீட்டினாள். அடுத்த நாளும் அமாவாசை. அதற்கடுத்த நாளும். சந்தில் வீடுகள் எழும்பும்வரை எங்களுக்கு அமாவாசை விலகவில்லை. அந்தத் தம்பி இன்று லைங் தாயா தொழிற்பேட்டையில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான், வாட்டசாட்டமாக இருக்கிறான்.

குஜ்ஜர் குலத்தில் பேரரசர்களும் படைவீரர்களும் உண்டு என்று பிற்காலத்தில் படித்தேன். அவர்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் அறிந்த குஜ்ஜர் பெரிய மனிதர் இவர்தான். இதை எந்தச் சபையிலும் தயங்காமல் சொல்வேன்.

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. பையா இல்லை. அவர் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அமாவாசைகள் மணமில்லாமல் வந்து போகின்றன.

போன வாரம் எங்கள் தெருவில் தீ. டியூஷனுக்குப் போன மகள் புகைக்குள்ளிருந்து வெளியே வரும்வரை நான் நடுத்தெருவில் நின்ற நிலை இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. இதை எழுதும்போதுகூட எழுந்துபோய் அவள் அறையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டுப் பர்மியப் பெண் மா கின், அந்தத் தீயில் வீட்டை இழந்திருந்தாள். மறுநாள் மாலை மகளோடு சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு அவள் தங்கியிருந்த மடாலயத்துக்குப் போனேன். "சாப்பிட்டாச்சு அக்கா, வேண்டாம்" என்றாள். அவளுடைய பையன் பானையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்று லக்வே" என்றேன், பர்மியில் அமாவாசைக்கு உள்ள சொல் அது. "எங்கள் வீட்டில் கொடுத்தே ஆகவேண்டிய நாள்."

விரதநாள் தவறாத பௌத்தப் பெண் அவள். கூரைகளுக்கு மேலே எழுந்திருந்த பெரிய நிலவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டு ஒரு சின்னத் தட்டை எடுத்து வந்தாள்.

பையாவின் கதையைக் கேட்டே வளர்ந்த என் மகள், எனக்கு முந்திக்கொண்டு பர்மியில் சொன்னாள்: "நாளைக்கும் லக்வேதான். பெரிய தட்டாக எடுத்து வையுங்கள்."